பைகளுக்குக் காவல் இருப்பவர்

கேள்வி: “சித்திரை லீவுக்குக் குடும்பமாக வாட்டர் பார்க் போகிறோம். இரண்டு சின்னப் பிள்ளைகள், கூட மாமியும் வருகிறார். வெயிலையும் சனத்தையும் எப்படிச் சமாளிக்கலாம்?”

பிள்ளைகளுக்குத் தொப்பி, கிரீம், மாற்றுடுப்பு எல்லாம் நீங்கள் எப்படியும் எடுத்துவைப்பீர்கள். அதைச் சொல்ல நான் வரவில்லை. உங்கள் மாமியைப் பற்றி எழுதத்தான் வந்தேன். அவர் எந்தச் சறுக்கிலும் ஏறப்போவதில்லை. வாசலைத் தாண்டியதும், “நீங்க போங்கோ பிள்ளை, நான் பையளைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்” என்பார். நீங்களும் நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிட்டுப் போவீர்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நான் திருகோணமலை. வெயிலைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு. வைகாசி பிறந்தால் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக அடிக்கும், ஆவணி வரைக்கும் அடங்காது. என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கப்பல் தளத்தின் இரும்புச் சூட்டில் நின்றே காலம் கழித்த மனுசன். “எனக்கு வெயில் என்ன செய்யும்?” என்று அவர் கேட்டால் நாங்கள் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

2023 சித்திரை வருடப்பிறப்பு வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கொழும்புப் பக்கம் ஒரு வாட்டர் பார்க்குக்குப் போவதென்று முடிவு. அக்கா குடும்பம், எங்கள் குடும்பம், அம்மா அப்பா எல்லாமாகப் பதின்மூன்று பேர், ஒரு வான். சனிக்கிழமை இரவு வெளிக்கிட்டு கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று விடிய விடிய ஓடினோம். அப்பா வானில் கண் மூடவே இல்லை. டிரைவர் தூங்கிவிடக்கூடாதென்று முன் சீட்டில் இருந்து அவரோடு கதைத்துக்கொண்டே வந்தார். அதாவது வெயில் ஏற முன்னமே அவர் களைத்துப்போயிருந்தார். அன்று அது என் மண்டையில் ஏறவில்லை.

வருடப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு என்றால் சனம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே போனதும் லொக்கர் எடுப்பதா என்று அத்தான் கேட்டார். “அப்பா இருக்கிறார்தானே, லொக்கர் என்னத்துக்கு?” என்று சொன்னது நான்தான். ஒரு மரத்தடியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, எட்டுப் பை, பதின்மூன்று சோடிச் செருப்பு, மத்தியானச் சோத்துப் பார்சல் எல்லாவற்றையும் அவரைச் சுற்றி வைத்தோம். அம்மா சின்னதுகளோடு ஆழமில்லாத தொட்டிக்குப் போய்விட்டார். அப்பாவின் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். அப்போது அந்த இடம் நல்ல நிழல். பத்துப் பேர் படுக்கலாம்.

ஏப்ரலின் முதற்பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். ஏறத்தாழ 5ஆம் திகதியிலிருந்து 15க்குள் தெற்கிலிருந்து வடக்கே நாட்டைக் கடந்து போகும். அந்த நாட்களில் மத்தியானத்தில் மரத்தின் நிழல் அதன் கொப்புக்குக் கீழேயே ஒடுங்கிவிடும். காலையில் சாய்ந்து நீண்டு கிடந்த நிழலை நம்பிக் கதிரை போட்டால் பதினொரு மணிக்கு அந்தக் கதிரை வெயிலில் நிற்கும்.

பன்னிரண்டரைக்குச் சாப்பிட வந்தோம். மரத்தடியில் பாய் அகலத்துக்கு நிழல் மிச்சம் இருந்தது. அதற்குள் சோத்துப் பார்சல்கள் அடுக்கியிருந்தன. அப்பா வெயிலில் இருந்தார். பார்சல் சூடானால் மீன்குழம்பு பழுதாகிவிடும், பிள்ளைகள் சாப்பிடாமல் கிடக்கும் என்று நிழலை அவற்றுக்குக் கொடுத்துவிட்டு, கதிரையை அரக்கி வெளியே போட்டிருக்கிறார். என் மகளைப் பார்த்து அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் சிரித்தோம். பையை எடுத்துத் தர எழும்பியவர் இரண்டு முழங்காலும் மடிய அப்படியே இருந்துவிட்டார். கையைப் பிடித்தேன். சில்லென்று, வேர்வையில் ஊறியிருந்தது. நான் கொடுத்த போத்தல் கதிரைக் காலடியில் கிடந்தது. மூடியின் சீல் உடைபடவில்லை.

ஏன் குடிக்கவில்லை என்று பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டேன். “குடிச்சா டொய்லட்டுக்குப் போகவேணும். அது அந்தத் தொங்கல். பையளை ஆரிட்ட விட்டுட்டுப் போறது?” என்றார்.

நிழலுக்குத் தூக்கிப்போய், சேர்ட்டைக் கழற்றி, துவாயை நனைத்துக் கழுத்திலும் கமக்கட்டிலும் வைத்து, கார்ட்போட் மட்டையால் அக்கா விசிறிக்கொண்டே இருந்தார். 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம். அம்புலன்ஸ் வந்தது, அது இலவச சேவை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, இரவு எட்டு மணிக்குத்தான் விட்டார்கள். அவர் பிரஷருக்குப் போடும் குளிசைகளில் ஒன்று சிறுநீரைக் கூட்டி உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் இறக்குகிற வகை. அன்று காலையிலும் போட்டிருந்தார். வயது போகப் போகத் தாகமும் முன்போல எடுக்காது என்று டொக்டர் சொன்னார். ஆள் மாறிப் பெயர் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. வெயிலில் நின்றவர் பேச்சுத் தடுமாறினால், நினைவு குழம்பினால், சோடாவும் இளநீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதாம். உடம்புச் சூடு 40 பாகைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து, உடனே குளிரப்பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருந்தோம்.

வயசுபோனவரை அந்த இடத்துக்கு ஏன் கூட்டிக்கொண்டு போனாய் என்று சிலர் கேட்பீர்கள். எங்கள் சொந்தத்திலேயே கேட்டார்கள். அவரை நாங்கள் இழுத்துக்கொண்டு போகவில்லை. பேரப்பிள்ளைகள் சறுக்கி விழுவதைப் பார்க்க வேண்டும் என்று தானே கேட்டு வந்தவர். அந்த மரத்தடியில் இருந்து பார்த்தால் ஒரு சறுக்கும் தெரியாது. இதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன், இன்றைக்கும் தாங்க முடியவில்லை. வயசானவர்களை வீட்டில் பூட்டிவிட்டுப் போங்கள் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

துறைமுகத்தில் நின்றவருக்கு ஏன் தாங்கவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் கச்சான் அடிக்கும்போது காற்று காய்ந்திருக்கும், வேர்வை உடனே உலரும், உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். சித்திரையில் மேற்குப் பக்கம் காற்றில் ஈரம் நிறைந்து அசையாமல் நிற்கும். வேர்வை வடியுமே தவிர உலராது. அதோடு எங்கள் ஊரில் மத்தியானம் யாரும் வெளியே நிற்பதும் இல்லை. கடைக்குப் போவது காலையில், கடற்கரைக்குப் போவது நாலரைக்குப் பிறகு. கோட்டைக்குள் இருக்கிற மான்கள்கூட உச்சி வெயிலில் மர நிழலை விட்டு அசையாது. வெயில் பழகியவர்கள் என்று நாங்கள் சொல்வது, வெயிலில் நிற்காமல் இருக்கப் பழகியதைத்தான். டிக்கட் காசு கட்டிவிட்டோம் என்பதற்காக அந்தப் பழக்கத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டோம்.

போன வருடம் மறுபடியும் போனோம். அப்பாவும் வந்தார். முதல் காரியமாக லொக்கர் எடுத்தோம். முதல் நாளே போய் அங்கே பக்கத்தில் ஓர் அறையில் தங்கி, நித்திரை கொண்டு எழும்பினோம். ஞாயிறும் பௌர்ணமிப் போயா லீவு நாளும் இல்லாமல் ஒரு கிழமை நாளைப் பிடித்தோம், திறக்கும்போதே வாசலில் நின்றோம். நீண்ட வரிசை வருகிற பெரிய சறுக்குகளை முதல் ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்தாயிற்று. சாப்பாடு பதினொன்றரைக்கு, கூரைக்குக் கீழே, மற்றவர்கள் வரமுன்னம். பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை ஒருவரும் வெயிலில் இல்லை. பின்னேரம் பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். சித்திரையில் அந்தப் பக்கம் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும், மின்னினால் தண்ணீரில் இருந்து எல்லோரையும் வெளியே எடுத்துவிடுவார்கள்.

பிள்ளைகள் தண்ணீருக்குள்தானே நிற்கிறார்கள் என்று அவர்களையும் விடக்கூடாது. தண்ணீருக்குள்ளும் வேர்க்கும், தெரியாது, அவ்வளவுதான். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) பைக்கற் கரைத்து வைத்திருந்தோம், அரை மணிக்கு ஒருக்கால் எல்லோருக்கும் ஒவ்வொரு மிடறு. சனத்துக்குள் தவறிப்போனால் என்று சின்னவளின் கையில் தண்ணீரில் அழியாத பேனையால் போன் நம்பரை எழுதினோம். போன்கள் எல்லாம் லொக்கருக்குள் இருந்தால் அந்த நம்பரால் பயனில்லை. ஒரு பெரியவரிடம் போன் இருக்க வேண்டும், அவர் தண்ணீருக்குள் இறங்கக்கூடாது. அதையும் முறை வைத்து மாற்றினோம். என் முறை வந்தபோது முக்கால் மணித்தியாலம் இருந்து பார்த்தேன். உடம்பு எரிந்தது. அப்பா அன்று நாலு மணித்தியாலம் இருந்திருக்கிறார்.

இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆவணி லீவில் நிலாவெளியில் புறாத்தீவுக்குப் படகு ஏறுகிற இடத்துக்கு வந்து பாருங்கள். குடும்பம் முழுக்கத் தீவுக்குப் போயிருக்கும். கரையில் ஓர் அம்மம்மா எல்லோருடைய செருப்பையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். பல வருடமாகப் பார்த்த காட்சிதான், முன்பு என் கண்ணில் படவில்லை. இப்போது போகும்போதெல்லாம் தென்படுகிறார்கள். போய் இரண்டு வார்த்தை கதைத்து, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வருவேன். சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. நாங்களும் ரோட்டை அகலமாக்குகிறோம் என்று வாகையையும் வேம்பையும் வெட்டிவிட்டு, பஸ் தரிப்பிடத்துக்குத் தகரக் கூரை போட்டுக் கிளினிக்குக்குப் போகிற கிழடுகளை அதற்குக் கீழே வேகவைக்கிறோம். நிழல் ஒரு வசதி என்றே யாரும் கணக்கெடுப்பதில்லை.

உங்கள் மாமி பிரஷருக்கோ சீனிக்கோ குளிசை போடுகிறவர் என்றால் பயணத்துக்கு முன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். பார்க்குக்குள் போனதும், அவர் எங்கே இருந்தால் பிள்ளைகள் தெரிவார்கள் என்று பார்த்து அந்த இடத்தில் கதிரை பிடியுங்கள். பத்தரைக்கு நிழல் எங்கே இருக்கும், பன்னிரண்டுக்கு எங்கே இருக்கும் என்று பாருங்கள். டொய்லட்டுக்கு ஒருமுறை கூடவே போய் வழியைக் காட்டிவிட்டு வாருங்கள். தூரம், அல்லது பையை விட்டு எழும்ப முடியாது என்று நினைத்தால் அவர் தண்ணீர் குடிக்கமாட்டார், கேட்டால் குடித்தேன் என்றுதான் சொல்வார். போத்தலை நீங்களே திறந்து கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.