மகளுக்கு எந்த ரைபிள்?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஓராண்டாக 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக்குப் போகிறாள். இதுவரை கிளப் துப்பாக்கியில்தான் சுடுகிறாள். சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்கிறார் கோச். எதை வாங்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. கோச் சொல்வது வால்தர். உடன் பயிலும் பெண்ணின் தந்தை ஃபைன்வெர்க்பாவ்தான் உலகத்தரம் என்று அடித்துச் சொல்கிறார். கடைக்காரர், இந்தியத் தயாரிப்பே போதும் என்கிறார். கல்லூரிக்காக வெளியூர் போகும் ஒரு மாணவர் தன் பழைய அன்ஷுட்ஸ் 8002-ஐ விற்கத் தயாராக இருக்கிறார். இதற்கிடையே டெக்சாஸில் இருக்கும் என் தம்பி, “தாய்மாமன் சீராக நானே வாங்கித் தருகிறேன், டிசம்பரில் பெட்டியில் வைத்துக் கொண்டு வருகிறேன்” என்று நிற்கிறான். அவன் மான் வேட்டைக்குப் போகிறவன். ரெமிங்டன் அல்லது வின்செஸ்டர் பெயர் போட்ட, டெலஸ்கோப் பொருத்திய, 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள்தான் வலுவானது என்கிறான். எங்களிடம் இருப்பது 2 லட்சம் ரூபாய் சேமிப்பு. எந்த பிராண்டை நம்புவது?

— ஒரு தாய், பெரம்பூர்

பதில்: தம்பியின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் துப்பாக்கியை மட்டும் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

காரணங்களில் முதலாவது சட்டம். இந்தியாவில் 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்துக் கடையில் வாங்கலாம். 5.5 மில்லிமீட்டர் என்றால் உரிமம் வேண்டும். பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது அதைவிடச் சிக்கல். இறக்குமதிக்கு முறையான அனுமதி இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே சுங்கத் துறை பிடித்துவைக்கும். ஊருக்கு வரும் முதல் நாளே அவர் அதிகாரிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டாவது, போட்டி விதி. 10 மீட்டர் ஏர் ரைபிளில் டெலஸ்கோப்புக்கு இடமே இல்லை. பின்னால் சிறு துளை, முன்னால் ஒரு வளையம் என்ற பீப் சைட்தான். குழல் 4.5 மில்லிமீட்டர், மொத்த எடை 5.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். தம்பி சொல்லும் துப்பாக்கியோடு உங்கள் மகள் போட்டிக்குப் போனால் கருவிப் பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது காரணத்தைத் தம்பியிடம் கொஞ்சம் விரிவாகவே பேசுங்கள். வேட்டைக்காரர் என்பதால் அவருக்கு உடனே புரியும். வேட்டைத் துப்பாக்கி காட்டில் நாள் முழுக்கத் தோளில் சுமந்து நடப்பதற்காகச் செய்யப்பட்டது. எடை குறைவாக இருக்க வேண்டும். மழையிலும் சேற்றிலும் பழுதாகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டே குறியில் விழ வேண்டும். விலங்கு துடிக்காமல் சாக வேண்டும் என்று நினைக்கும் எந்த வேட்டைக்காரரும் அந்த ஒரு குண்டைத்தான் பெரிதாக நினைப்பார். உங்கள் மகளின் வேலை வேறு. 75 நிமிடத்தில் 60 முறை, ஒரே நிலையில் நின்று, ஒரே மாதிரி மூச்சுவிட்டு, ஒரே அழுத்தத்தில் விசையை இழுக்க வேண்டும். இங்கே வேகம் எதற்கு? வேட்டை வகை ஏர் ரைபிள்களின் பெட்டியில் வினாடிக்கு 1,000 அடிக்கு மேல் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஒலிம்பிக் அரங்கில் சுடும் ரைபிளின் வேகம் அதில் ஏறக்குறைய பாதிதான். பத்து மீட்டரில் இருக்கும் காகிதத்தைத் துளைக்க அது தாராளமாகப் போதும்.

பெயர்களைப் பற்றியும் அவரிடம் ஒன்று சொல்லலாம். வின்செஸ்டர் என்ற பெயர் ஒலின் என்ற நிறுவனத்துக்குச் சொந்தம். வேட்டைத் துப்பாக்கிகளை வேறொரு நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்கிறது. அதே பெயரில் வந்த ஏர் ரைபிள்களை டெய்சியும், ரெமிங்டன் பெயரில் வந்தவற்றை க்ராஸ்மேனும் விற்றன. 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70, 1962-இல் வந்த ரெமிங்டன் 700 என்ற வேட்டை ரைபிள்களுக்குக் கிடைத்த புகழ் நியாயமானது. அந்தப் புகழ் ஒரு ஏர் ரைபிளின் குழலுக்குள் தானாக வந்துவிடாது.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். வால்தரா, ஃபைன்வெர்க்பாவா, அன்ஷுட்ஸா?

இந்த வழக்கு உங்கள் கிளப்பில் மட்டும் நடப்பதல்ல. வால்தரும் அன்ஷுட்ஸும் ஜெர்மனியின் செல்லா-மேலிஸ் என்ற ஒரே ஊர்ப் பக்கத்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் உல்ம் என்ற ஒரே நகரத்தில் குடியேறிய இரண்டு நிறுவனங்கள். ஃபைன்வெர்க்பாவ், ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில் மவுசர் தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு பொறியாளர்கள் தொடங்கியது. ஆஸ்திரியாவின் ஸ்டையரையும் சேர்த்தால் நான்கு பெயர்கள். எந்த உலகப் போட்டியின் வரிசையைப் பார்த்தாலும் இவை கலந்தே நிற்கும். எல்லாப் பதக்கங்களையும் ஒரே பிராண்ட் அள்ளிக்கொண்டு போனதில்லை.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இலக்கின் கணக்கு. நடுவில் இருக்கும் பத்தாம் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். அதை அடுத்து ஒவ்வொரு வளையமும் 2.5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே மதிப்பெண் உண்டு. ஆகவே குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால்தான் எட்டு மதிப்பெண் வரும். நான் சொன்ன நான்கில் எதை எடுத்தாலும், நல்ல நிலையில் இருக்கும் ரைபிளைக் கவ்வியில் பூட்டி நல்ல குண்டுகளால் சுட்டால், எல்லாம் குண்டின் அளவைவிடச் சற்றே பெரிய ஒரே ஓட்டை வழியாகப் போகும். உங்கள் மகளுக்கு எட்டும் ஏழும் விழுகின்றன என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் நிற்கும் நிலை, மூச்சு, விசையை இழுக்கும் அவசரம். அல்லது அவள் உடலுக்குப் பொருந்தாத கட்டை, அதாவது கன்னத்திலும் தோளிலும் பதியும் துப்பாக்கியின் பின்பகுதி.

அந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் சொந்தத் துப்பாக்கியே வாங்குகிறோம். கிளப் ரைபிளை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருவர் தனக்கேற்ப மாற்றிக்கொள்வார். உங்கள் மகள் வரும்போது கன்னம் வைக்கும் பலகை வேறு உயரத்தில் இருக்கும், தோளில் பதியும் பட் பிளேட் வேறு கோணத்தில் இருக்கும். பீப் சைட் துளைக்கு நேராகக் கண் வர வேண்டும் என்று அவள் கழுத்தை வளைப்பாள். வளைந்த கழுத்தோடு 60 குண்டு சுடும் குழந்தைக்கு நாற்பதாவது குண்டிலேயே தோள் நடுங்கும். ஆகவே கடைக்குப் போனதும் பிராண்டைப் பார்க்காதீர்கள். சுடும்போது அணியும் கோட்டை மகளைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ரைபிளைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை வைக்கட்டும். பிறகு கண்ணைத் திறக்கட்டும். தலையை அசைக்காமல் துளை வழியே முன் வளையம் நடுவில் தெரிந்தால் அந்தக் கட்டை அவளுக்கானது. தெரியாவிட்டால், கன்னப் பலகையையும் பட் பிளேட்டையும் அவள் அளவுக்குக் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்கான மாடல் சிலவற்றில் எவ்வளவு குறைத்தாலும் 13 வயதுத் தோளுக்குக் கட்டை நீளமாகவே இருக்கும். அவளுக்கு இன்னும் வளர்த்தி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நீட்டிக்கொள்ளக்கூடிய அமைப்பாகத் தேடுங்கள். எடையும் அப்படித்தான். விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது என்பதற்காக அவள் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

அதற்கும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளுக்கு இடையில் சிறு இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கண்ணை மூடட்டும், அடுத்து மற்றதை. எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் இடைவெளியிலேயே நிற்கிறதோ அதுதான் அவளது ஆளும் கண். வலக்கைப் பழக்கம் உள்ள குழந்தைகள் சிலருக்கு இடக்கண் ஆளும். உங்கள் மகள் அப்படி என்றால், வலக்கைக்காரர்களுக்கான ரைபிளுக்குப் பணம் கொடுக்கும் முன் கோச்சுடன் பேச வேண்டும். இது தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு விற்க அலைபவர்கள் இருக்கிறார்கள்.

பழைய அன்ஷுட்ஸைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் சேமிப்புக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான். உயர் ரக இறக்குமதி ரைபிள் ஒன்றைப் புதிதாக வாங்கினால் உங்கள் 2 லட்சம் அங்கேயே கரைந்துவிடும், போதாமலும் போகலாம். நன்றாக வைத்திருந்த போட்டி ரைபிளின் குழல் லேசில் தேய்வதில்லை; ஈயக் குண்டு எஃகை அரிக்காது. ஆனால் சிலிண்டரில் கண் வையுங்கள். 200 பார் அழுத்தத்தில் காற்றடைக்கும் இந்தச் சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் 10 ஆண்டுதான் ஆயுள். தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். காலாவதியான சிலிண்டருடன் போட்டியில் நிற்க முடியாது, அது ஆபத்தும்கூட. தேதி முடிந்திருந்தால் புதிய சிலிண்டர் இங்கே கிடைக்குமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் விலையைக் கழித்துப் பேசுங்கள். பிறகு காற்றை நிரப்பி, அழுத்த மானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு நாள் வைத்துப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால், காற்று வெளியேறாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓரிங் கசிகிறது. அது சிறிய செலவுதான், ஆனால் யார் செய்வார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சென்னையில் இருப்பதால் இன்னொன்றும் பாருங்கள். நம் கடல் காற்று எஃகைச் சும்மா விடாது. குழலின் வாய், திருகுகள், விசையின் அச்சு ஆகிய இடங்களில் துருவின் செம்புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தத் துப்பாக்கியை வாங்கினாலும் பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, லேசாக எண்ணெய் தொட்ட துணியால் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைக்க மகளைப் பழக்குங்கள். காற்று நிரப்பும் இடத்தில் ஈரத்தை வடிகட்டும் அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கத்திரி வெயிலில், பூட்டிய காரில் நிரம்பிய சிலிண்டரை விட்டுவிட்டுப் போகவே கூடாது.

கடைக்காரர் சொன்ன இந்தியத் தயாரிப்பை நான் ஒதுக்கவில்லை. ப்ரிசிஹோல் போன்ற நிறுவனங்கள் இங்கேயே ஏர் ரைபிள் செய்கின்றன. உதிரி பாகமும் பழுதுபார்ப்பும் நாட்டுக்குள்ளேயே முடியும். ஆனால் ஸ்பிரிங் அல்லது வாயு பிஸ்டன் உள்ள மாடலைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே அந்தப் பிஸ்டன் துப்பாக்கியை உலுக்கிவிடும். அழுத்தக் காற்றுச் சிலிண்டர் உள்ள போட்டி மாடலைக் கேளுங்கள். கட்டை பொருந்தினால் மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்கு அதை எடுத்துப் போகத் தயங்க வேண்டாம்.

அன்ஷுட்ஸும் பொருந்தவில்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை வந்தால் வால்தர் பக்கம் சாய்கிறேன். அது ஃபைன்வெர்க்பாவைவிட உயர்ந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கோச்சுக்கு அதைப் பிரித்துப் பூட்டத் தெரியும், விசையை எடை வைத்துச் சரிசெய்யத் தெரியும். போட்டிக்கு முந்தைய நாள் மாலை ஏதாவது கோளாறு என்றால் உல்ம் நகரத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. கோச் ஃபைன்வெர்க்பாவ் தெரிந்தவராக இருந்திருந்தால் அதையே சொல்லியிருப்பேன்.

பணம் முழுவதையும் துப்பாக்கியில் போட்டுவிடாதீர்கள். கோட், கால்சட்டை, காலணி மூன்றும் முதுகையும் இடுப்பையும் காக்கின்றன. அளவெடுத்துத் தைத்த கோட்டினால் வரும் ஸ்கோர் உயர்வு, பிராண்ட் மாற்றுவதால் வருவதைவிட அதிகம் என்பதைப் பயிற்சிக் களத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். குண்டுகளும் தொடர்செலவு. ஒரே பிராண்டிலேயே 4.49, 4.50, 4.51 என்று தலையளவு மாறும். ரைபிள் வந்ததும் நான்கைந்து டப்பாக்களைக் கவ்வியில் வைத்துச் சோதித்து, அந்தக் குழலுக்கு எது ஒத்துப்போகிறதோ அதையே மொத்தமாக வாங்குங்கள்.

தம்பிக்கான சீர் இங்கேதான் இருக்கிறது. கோட்டும் இந்த ஆண்டின் குண்டுகளும் போட்டிக் கட்டணமும் தாய்மாமன் கணக்கு என்று சொல்லுங்கள். பணத்தை அனுப்பட்டும், வாங்குவது இங்கேயே நடக்கட்டும். எழும்பூருக்கோ வேறெங்கோ, அவள் பயிலும் ரேஞ்சுக்கு டிசம்பரில் அவரை அழைத்துப் போங்கள். லண்டன் ஒலிம்பிக்கில் இதே 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர், இரண்டு ஒலிம்பிக்கில் ஆடிய இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்பதையும் சொல்லுங்கள். மருமகள் விளையாடுவது எவ்வளவு பெரிய ஆட்டம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அந்த மாணவரின் அன்ஷுட்ஸைப் பார்க்கப் போகும்போது மகளையும் அவளது கோட்டையும் கோச்சையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பணத்தை அன்று எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.