கல்லுக்கு விலக்கு, காகிதத்துக்கு வழக்கா?

கேள்வி: தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் ரதி, மன்மதன் சிற்பங்களைத் தழுவி நான் வரைந்த படங்களை ஏற்காட்டில் காட்சிக்கு வைக்க விரும்புகிறேன். இடம் தர இசைந்தவர், யாராவது ஆபாசம் என்று புகார் கொடுத்துவிடுவார்களோ என்று தயங்குகிறார். கலை என்று சொன்னால் சட்டம் ஏற்குமா?
— ஓவிய ஆசிரியர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஏற்க இடமுண்டு, ஆனால் அந்த வாதத்தை முதலில் எடுக்காதீர்கள். கோயிலில் இருப்பதாலேயே அந்தச் சிற்பத்துக்கு ஆபாசச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அதே உருவம் உங்கள் தாளில் ஏறியதும், அது கலையின் பொருட்டுப் பொதுநன்மைக்காக வெளியிடப்பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தலையில் விழுகிறது. இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 292) இப்படித்தான் அமைந்துள்ளது. கலைக்கான விலக்கே 1969இல்தான் சேர்க்கப்பட்டது.

கலைத்தகுதியை அளப்பது யார் என்பதில்தான் சிக்கல். டி.எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லீஸ் லவ்வர்’ நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரருக்காக எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்தே சாட்சி சொல்லியும், 1964இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. சமரேஷ் பாசுவின் வங்க நாவலையோ, கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஆபாசம் என்று தீர்த்த பிறகு, 1985இல் அதே உச்ச நீதிமன்றம் கொச்சையாக இருப்பதெல்லாம் ஆபாசமாகிவிடாது என்று கூறி விடுவித்தது. பக்கங்கள் மாறவில்லை, படித்த கண்கள் மாறின. நிர்வாணம் மட்டுமே ஆபாசமாகாது, படைப்பை முழுமையாக, இக்காலச் சமூக அளவுகோலால் பார்க்க வேண்டும் என்று 2014இல், பத்திரிகையில் வந்த ஒரு நிர்வாணப் படம் பற்றிய அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரும் முன்னேற்றமே. ஆனால் எந்தச் சமூகம்? செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்கும் ஏற்காட்டு விடுதிக்கும் ஒரே அளவுகோல்தானா? இந்த அகவயத்தன்மையை எந்தத் திருத்தமும் நீக்கிவிடும் என்று நான் நம்பவில்லை.

தீர்ப்பைவிட, தீர்ப்பு வரும்வரை நடப்பதே படைப்பாளியை வதைக்கிறது. ஒருகாலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் சமாதானப் பேச்சு என்ற பெயரில் நடந்த கூட்டத்துக்குப் பின், அதை எழுதிய பெருமாள்முருகன் எழுத்தையே கைவிடுவதாக அறிவிக்க நேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குத் துணை நின்றது 2016 ஜூலையில்தான்.

எனவே, வழக்கென்று வந்தால் ‘இது ஆபாசமே அல்ல’ என்பதை முதல் வாதமாகவும் கலைத்தகுதியை இரண்டாவதாகவும் வையுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் மூலச் சிற்பம் எது என்று எழுதி, எல்லாவற்றையும் ஒரே வரிசையாகக் காட்டுங்கள். ஒரு படத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்ப யாரையும் தூண்டாதீர்கள். அங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு காத்திருக்கிறது, முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டுவரை சிறை.