13 ஏன் தப்பு? வாசகர் கேள்வி பதில்

கே: பொண்ணோட ஹோம்வொர்க்ல ரெண்டு செவ்வகம், ஒண்ணு இன்னொண்ணோட ஸ்கேல் டிராயிங், அதாவது வடிவம் மாறாம அளவு மட்டும் மாத்தி வரைஞ்சது. சின்னதுல நீளம் 6 செ.மீ., அகலம் 4 செ.மீ. பெரிசுல நீளம் 15, அகலம் எவ்வளவுன்னு கேள்வி. 6கூட 9 கூட்டினா 15 வருதேன்னு 4கூடவும் 9 கூட்டி 13ன்னு போட்டுட்டா, டீச்சர் சுழிச்சுட்டாங்க. எனக்கும் 13 சரின்னுதான் தோணுது, எங்க இடிக்குது?

ப: இந்த இடத்துல வழுக்காதவங்க கம்மிங்க, நானும் வழுக்கினவன்தான். 9க்கு பதிலா ரெண்டு பக்கமும் 100 கூட்டிப் பாருங்க. 106, 104. பாத்தா சதுரம் மாதிரியே இருக்கும், பழைய செவ்வகத்தோட ஜாடையே போயிடுச்சு இல்லையா? போன்ல போட்டோவை ரெண்டு விரலால இழுத்து பெரிசாக்குறோம், அதுல நீள முகம் உருண்டை முகமாவா மாறுது? ஏன்னா அங்க எல்லா பக்கமும் ஒரே எண்ணால பெருகுது, யாரும் எதையும் கூட்டல. அந்த எண்தான் ஸ்கேல் ஃபேக்டர், அளவு காரணின்னும் சொல்லுவாங்க. 15ஐ 6ஆல வகுத்தா 2.5, அப்போ அகலம் 4 × 2.5 = 10 செ.மீ.

எதை எதால வகுக்குறதுன்னுதான் அடுத்த குழப்பம் வரும். போற இடத்து அளவை கிளம்புற இடத்து அளவால வகுக்கணும், அவ்வளவுதான். பெரிசுலேர்ந்து சின்னதுக்கு வரணும்னா 6 ÷ 15 = 0.4. பெரிசாக்கும்போது ஃபேக்டர் 1ஐ விட கம்மியா வந்தா தலைகீழா வகுத்துட்டோம்னு அர்த்தம். இன்னொண்ணு, கேள்வித்தாள்ல படத்தை வேணும்னே திருப்பி வச்சிருப்பாங்க, அதனால எந்த பக்கத்துக்கு எது ஜோடின்னு முதல்ல பென்சில்ல குறிச்சுக்கச் சொல்லுங்க. கோணத்தை மட்டும் தொடவே வேணாம், 90 டிகிரி எவ்வளவு பெரிசாக்கினாலும் 90தான்.

கே: 1:50 ஸ்கேல்ல, அதாவது பேப்பர்ல 1 செ.மீ.ன்னா நிஜத்துல 50 செ.மீ.ங்கிற கணக்குல, ஒரு வீட்டு பிளான் பிடிஎஃப்பா வந்துச்சு. பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வச்சு அளந்தா, 4 மீட்டர்னு எழுதியிருக்கிற சுவர் 7.6 செ.மீ.தான் இருக்கு. பிளான் தப்பா?

ப: பிளான் மேல பழி போடாதீங்க, இது பிரிண்டரோட வேலையா இருக்கும். 400 செ.மீ.ஐ 50ஆல வகுத்தா 8 செ.மீ. வரணும். பிரிண்ட் செட்டிங்ல ஃபிட் டு பேஜ்னு இருந்திருக்கும், பேப்பர்ல அடங்கட்டும்னு அது மொத்தத்தையும் 0.95 மடங்கா சுருக்கிடுச்சு. இப்போ உங்க கையில இருக்கிறது 1:50 கிடையாது, 400 ÷ 7.6 போட்டா கிட்டத்தட்ட 1:52.6. அளவு எழுதாம விட்ட இன்னொரு சுவர் அதே பேப்பர்ல 5.7 செ.மீ. இருந்தா, 50ஆல பெருக்கினா 2.85 மீட்டர்னு வரும், ஆனா நிஜத்துல அது 3 மீட்டர். 15 செ.மீ. அடிபடுது பாருங்க, அலமாரி வாங்குற நேரத்துல இது விளையாட்டு இல்ல. 100 சதவீதத்துல திரும்ப பிரிண்ட் எடுங்க, பேப்பர்ல அடங்கலேன்னா அளவு எழுதின ஒரு சுவரை வச்சு நான் போட்ட மாதிரி புது ஃபேக்டரை கண்டுபிடிச்சுக்குங்க. பரப்பளவுக்கு மட்டும் ஃபேக்டரை ரெண்டு தடவை பெருக்கணும், 1:50 பிளான்ல 1 சதுர செ.மீ.ன்னா நிஜத்துல 2500 சதுர செ.மீ., அதாவது கால் சதுர மீட்டர்.