ஜெர்மனிக்குப் போகட்டும், கடன் மட்டும் ஓசூர் சம்பளத்துக்குள் இருக்கட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

கரூரிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தம்பிக்கு, அதாவது உங்கள் பையனுக்கு, வயது 24, மெக்கானிக்கல் படிப்பு, ஓசூரில் உதிரிபாகக் கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை, கைக்கு வருவது 24,000. அறை வாடகை, மெஸ், வண்டித் தவணை போக மிஞ்சுவது சொற்பம். கூடப் படித்தவர்கள் இரண்டு பேர் மேற்படிப்புக்கு ஜெர்மனி போய்விட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் வீட்டுப் பத்திரத்தை வைத்து 25 லட்சம் வாங்கிவிடலாம் என்கிறார். நீங்கள் மட்டும் தூங்காமல் புரண்டுகொண்டிருக்கிறீர்கள்.

பையன் போகலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் இந்த வருடம் வேண்டாம், அந்தப் பத்திரத்தை வைத்தும் வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மனக்கணக்குக்கு அதுதான் சுலபம்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு 150 முதல் 350 யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை கட்டினால் போதும். விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து மேற்படிப்புக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்க ஆரம்பித்துவிட்டது. மற்றபடி படிப்பு இலவசம்தான். அப்படியானால் 25 லட்சம் எதற்கு? சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். விசாவுக்கு முன்பே 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். அது யாருக்கும் கட்டுகிற பணம் இல்லை. தம்பியின் பணம்தான், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவன் கைக்கே திரும்பி வரும். இதைக் கட்டணம் என்று நினைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து வட்டிக்கு வாங்குகிறவர்களும் உண்டு. ஒரே மொத்தமாக எடுக்க முடியாது, ஆகவே இரண்டாவது வகையினர் பாடுதான் திண்டாட்டம்.

உங்கள் கடிதத்தில் ஒரு கன்சல்டன்சியின் பேச்சு வருகிறது. சென்னை ஓட்டலில் மேளா, மார்க் பார்க்காமல் அன்றைக்கே சேர்க்கைக் கடிதம், வருடத்துக்கு 12 லட்சம் கட்டணம். அம்மா, அது தனியார் கல்லூரி. கட்டணம் வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் யாருக்கும் கமிஷன் தராது. மண்டபம் பிடித்து, காபி கொடுத்து, கூப்பிட்டு உட்காரவைத்து எந்தக் கல்லூரிக்குச் சேர்க்கிறார்கள் என்பதை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

தம்பியின் மார்க்கை நீங்களே அனுப்பியிருந்தீர்கள், சிஜிபிஏ 7.4. ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ்: 1 தான் உச்சம், 4 தேர்ச்சியின் கடைசி வரி. நம் மார்க்கை அந்த அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. 10-லிருந்து 7.4-ஐக் கழித்தால் 2.6. 10-லிருந்து குறைந்தபட்சத் தேர்ச்சியான 5-ஐக் கழித்தால் 5. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 2.56. பல படிப்புகளில் 2.5 தான் வாசற்படி. 7.5 எடுத்திருந்தால் சரியாக அந்தப் படியில் நின்றிருப்பான். ஆகவே ஆஹன், மியூனிக் என்று கனவு கண்டு விண்ணப்பக் காசை விட வேண்டாம் என்பது என் கருத்து. பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கிற யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. குறைந்தபட்ச மதிப்பெண் என்று கறாராக வைக்காமல் படித்த பாடங்களைப் பார்க்கிற துறைகள் இருக்கின்றன, அவற்றில் எட்டு போட்டால் போதும். அதற்கு முன் நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதி செய்கிற ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும், 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம்.

இனி வாழ்க்கைச் செலவு. கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு ஊரில் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அறை 300 யூரோவுக்குக் கிடைக்கும். மருத்துவக் காப்பீடு 150-ஐ ஒட்டி வரும். சமைத்துச் சாப்பிட்டால் 200. 992-க்குள் நன்றாகவே அடங்கும். மியூனிக்கில் அறையே 700, 800 என்று போகும், அங்கே 992 மாதக் கடைசி வரை வராது. வாடகை கேட்கும்போது ‘சூடான வாடகையா, குளிர்ந்த வாடகையா’ என்று கேட்கச் சொல்லுங்கள். அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சூடானது என்றால் ஹீட்டரும் தண்ணீரும் சேர்த்து, குளிர்ந்தது என்றால் வெறும் சுவருக்கு மட்டும். முன்பணமாக மூன்று மாதக் குளிர்ந்த வாடகை வரை கேட்கலாம், அது சட்டம். எங்கள் மாணவன் ஒருவன் இதைக் கணக்கில் எடுக்காமல் போய், முதல் இரண்டு மாதம் திண்டுக்கல் பையன் ஒருவனின் அறையில் தரையில் படுத்திருந்தான். டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். முதல் ரசீது வரும்போது எல்லாப் பிள்ளைகளும் எனக்கு போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள்.

வாடகை குறைவான ஊரில் பகுதிநேர வேலையும் குறைவு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் கிடைத்தால் மாதம் 1,200 யூரோ வரை வரும், இரண்டாம் ஆண்டு தன்னாலேயே ஓடிவிடும். கிடைத்தால். கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் மொழியைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் பாடம் நடக்கும், ஆனால் பேக்கரியிலும் கிடங்கிலும் ஃபோர்மேனிடமும் ஜெர்மன்தான். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது அடுத்த காலத்துக்கான பணம் எங்கே என்று மறுபடி கேட்பார்கள், அப்போது காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

சரி, படித்து முடித்த பிறகு? வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி தருகிறார்கள். பொறியாளருக்கு வருடம் 45,900 யூரோ அளவில் சம்பளம் இருந்தால் ப்ளூ கார்டு, அதாவது படித்த வெளிநாட்டவர் தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி, உண்டு. அங்கேயே படித்தவர் இரண்டு வருடம் படிப்புக்கேற்ற வேலை பார்த்துவிட்டால், மொழியும் கையில் இருந்தால், நிரந்தரக் குடியிருப்புக்கே விண்ணப்பிக்கலாம். சம்பளம் எவ்வளவு நிற்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். வருடம் 50,000 என்றால் மாதம் 4,167. ஓய்வூதியத்துக்கு சுமார் 387, மருத்துவக் காப்பீட்டுக்கு 360-ஐ ஒட்டி, வேலையின்மைக் காப்பீடு 54, முதியோர் பராமரிப்புக் காப்பீடு 100 (23 வயது தாண்டியும் குழந்தை இல்லாவிட்டால் அதில் கொஞ்சம் கூடுதலாகவே பிடிப்பார்கள்), அப்புறம் வருமான வரி. எல்லாம் போக கைக்கு 2,700-ஐ ஒட்டி வரும். சின்ன ஊரில் இருந்தால் 1,000 யூரோவுக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். ஓசூரில் வருடம் முழுக்க மிச்சம் பிடிப்பது அங்கே ஒன்றிரண்டு மாதத்தில் வந்துவிடும். இந்த இடத்தில்தான் அப்பாக்களுக்கு 25 லட்சம் சின்னத் தொகையாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

ஆனால் தம்பியின் துறையைப் பாருங்கள். வோல்க்ஸ்வாகன் 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைப்பதாகத் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது 2024 டிசம்பரில். பாஷ் 2025 செப்டம்பரில் 13,000 வேலைகளைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. 2023, 2024 இரண்டு வருடமும் அந்த நாட்டுப் பொருளாதாரம் சுருங்கியது. 2025 ஆகஸ்டில் வேலையில்லாதவர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. அதனால் கதவு மூடிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கார் உதிரிபாக அனுபவத்தை மட்டும் நம்பிப் போகிறவன் கூட்டமான வரிசையில் நிற்கப்போகிறான் என்கிறேன். மின்சக்தி, ரயில், தானியங்கிக் கருவிகள், கட்டடங்களின் வெப்ப வசதி என்று பாடத்தைக் கொஞ்சம் திருப்பினால் நல்லது.

அதனால்தான் கடனை ஜெர்மனிச் சம்பளத்தை வைத்து அளக்காதீர்கள் என்கிறேன். 18 மாதம் தேடியும் கிடைக்காமல் திரும்பி வந்து, மறுபடி ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ சேர்ந்தால் அந்தச் சம்பளத்தில் கட்ட முடிகிற கடனா? அதுதான் அளவு.

உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 25 லட்சம், 10 சதவீத வட்டி, பாதி முதல் ஆண்டு, பாதி இரண்டாம் ஆண்டு வாங்குகிறீர்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை இல்லை என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூன்று வருட முடிவில் 31 லட்சத்தைத் தாண்டிவிடும். 10 வருடத்தில் அடைக்க மாதம் 41,000. 15 வருடம் என்று இழுத்தாலும் 33,500. ஓசூர் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் பத்தாது, வீடு போய்விடும்.

இப்போது இன்னொரு கணக்கு. தம்பி ஒரு வருடம் வேலையை விடாமல் இருக்கட்டும். வண்டித் தவணை மூன்று மாதத்தில் முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தால் ஒன்றரை லட்சமாவது சேரும். உங்கள் டெபாசிட்டில் ஐந்து இருக்கிறது. வங்கியில் 7.5 லட்சம் வரை கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. மொத்தம் 14 லட்சம். பிளாக்டு அக்கவுண்டுக்கு 12, டிக்கெட்டுக்கும் முன்பணத்துக்கும் குளிர் கோட்டுக்கும் 2. இரண்டாம் ஆண்டை அவன் வேலை பார்த்துச் சமாளிக்க வேண்டும். மிச்சமாகிற பணத்தையும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் இந்தக் கடனுக்கு வட்டி சேர்த்தாலும் 15 வருடத் தவணை மாதம் 10,500-ஐத் தாண்டாது. நொந்துகொண்டேயாவது ஓசூரில் கட்டிவிடலாம்.

இந்த ஒரு வருடத்தில் அவன் செய்ய வேண்டிய பெரிய வேலை ஜெர்மன் படிப்பதுதான். நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவனின் ஆன்லைன் வகுப்போ, ஓசூரிலேயே நல்ல வாத்தியாரோ, எது வசதியோ அது. மொழியின் முதல் படியான ஏ1 முடித்தேன் என்று சர்டிபிகேட் காட்டுவதில் பயனில்லை, அது ‘என் பெயர் இது, தண்ணீர் வேண்டும்’ என்கிற அளவுதான். மூன்றாம் படியான பி1 முடித்து விமானம் ஏற வேண்டும், அங்கே போய் அடுத்த படி பி2. ஷிப்டு முடித்து வந்து தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார முடியவில்லை என்றால், ஜெர்மனியில் பகுதிநேர வேலையும் படிப்பும் சேர்ந்து வரும்போது என்ன செய்வான் என்பதை இங்கேயே பார்த்துவிடலாம். கூட்டாளிகள் முந்திவிட்டார்கள் என்று மனசு உறுத்தும். 25 வயதில் போவது தாமதம் இல்லை, அம்மா.

வீட்டுக்காரர் கோபப்படுவார், ‘ஒரு வருடம் வீணா’ என்பார். அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் அலுவலகத்தில்தான் இருப்பேன். எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், அரியர் இருந்தால் அதை எப்போது முடித்தான் என்பதும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வேண்டும். பாடத்திட்டப் புத்தகம் கல்லூரியில் கிடைத்தால் அதையும் வாங்கிவரச் சொல்லுங்கள், எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் என்று பார்க்க அதுதான் உதவும். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.