திரும்ப வந்த ஹெர்னியா (குடலிறக்கம்) பத்தி கேளுங்க

வணக்கம். பல வருஷமா ஆபரேஷன் தியேட்டர்லயே கிடந்தவன். கவட்டைல ஹெர்னியா ஆபரேஷன் பண்ணியும் மறுபடி வீங்குதுன்னா கேளுங்க.

கேள்வி: சார், அப்பாவுக்கு 2016ல ஓப்பன்ல, அதாவது கீறித் திறந்து, மெஷ் (வலை) வச்சாங்க, இப்ப அதே எடத்துல வீக்கம். பழைய தழும்புலயே திறப்பாங்களா?

பதில்: பொதுவா வேண்டாம் தம்பி. முன்னாடி ஓப்பன்னா இப்ப லேப்ராஸ்கோப்பில (லேப்ரோ, சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டுப் பண்றது) வயித்துச் சுவரோட உள்பக்கமா போவோம், முன்னாடி லேப்ரோன்னா இப்ப ஓப்பன், 2018ல வந்த சர்வதேச வழிகாட்டியும் இதத்தான் சொல்லுது. பழைய எடத்துல மெஷ், தழும்பு, விதைக்குப் போற ரத்தக்குழாய் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நாரா கெடக்கும், எது நரம்பு எது நார்னு பிரிக்கிறதுக்குள்ள நமக்கே வேர்த்துரும். கை தவறினா விதை சுருங்கலாம், வலி வருஷக்கணக்கா நிக்கலாம். ஆனா லேப்ரோவுக்குக் குடுக்குற முழு மயக்கத்தத் தாங்காத இதயம்னா கணக்கு மாறும்.

கேள்வி: மெஷ் கிழிஞ்சிருச்சா டாக்டர்?

பதில்: கிழியுறது அபூர்வம்ங்க. சின்னதா வெட்டி வச்சிருப்பாங்க, ஓரம் சுருண்டிருக்கும், இல்ல நகர்ந்திருக்கும். லேப்ரோல 10க்கு 15 செ.மீ. மெஷ்ஷாவது வேணும், அதுல கஞ்சத்தனம் கூடாது. அப்புறம் பீடி, விடாத இருமல், முக்கி முக்கி மலம் போறது, இதெல்லாம் சரிபண்ணாம திரும்ப வெட்டி என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

கேள்வி: அம்மாவுக்கும் திரும்ப வந்திருக்கு. பொம்பளைங்களுக்கும் வருமா?

பதில்: வரும்மா. பெண்களுக்கு கவட்டை மடிப்புக்குக் கீழ தொடைப் பக்கமா இருக்குற ஓட்டைல வர்றது ஓப்பன்ல கண்ணுக்குத் தப்பிடும், அதனாலயே முதல் தடவையே லேப்ரோ நல்லதுன்றது. இந்த வகைல குடல் ஓட்டைல சிக்கிக்கவும் அதிக வாய்ப்பு, தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: எனக்கு வலியே இல்ல, படுத்தா உள்ள போயிடுது. விட்டுடலாமா அண்ணே?

பதில்: ஆம்பளைங்களுக்கு தொந்தரவு இல்லன்னா டாக்டர் கண்காணிப்புல பொறுத்துப் பாக்கலாம். ஆனா வீக்கம் கல்லு மாதிரி ஆகி உள்ள போகலன்னா, வாந்தி வந்தா, வாயு பிரியலன்னா ராத்திரி 2 மணியானாலும் கெளம்பிடுங்க, கைவச்சு அமுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க.

கேள்வி: பழைய டிஸ்சார்ஜ் சம்மரி தொலஞ்சுபோச்சு சார், என்ன ஆபரேஷன்னே தெரியல.

பதில்: பண்ணின ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ்ல காப்பி கேட்டுப் பாருங்க. கெடைக்கலன்னா சட்டைய தூக்குங்க, கவட்டை மடிப்புக்கு மேல விரல் நீளத்துக்கு ஒரே தழும்புன்னா ஓப்பன், தொப்புள் பக்கமா மூணு குட்டித் தழும்புன்னா பெரும்பாலும் லேப்ரோ.