கீட்டோன் பொடி குடித்தால் டெஸ்டோஸ்டிரோன் ஏறுமா?

ஜிம்முக்குப் போகுமுன் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் எரிபொருள்) உப்புப் பொடி குடிக்கிறேன், முன்னும் பின்னுமாக இரண்டு முறை ரத்தம் சோதித்துப் பார்த்தேன், மூன்று வாரமாகியும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறவில்லை, வயிறுதான் கலங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

வயிறு கலங்குவது அந்த உப்பால்தான் இருக்கும். டப்பாவின் பின்பக்கம் சோடியம் அளவைப் பாருங்கள். ரத்தக் கொதிப்பு இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

ஹார்மோனுக்கு வருவோம். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) முடித்ததும் டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறும், சரி. ஆனால் சுமார் ஒரு மணி நேரத்தில் பழையபடி இறங்கிவிடும். அந்த ஏற்றத்தால் தசை வளர்கிறதா? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 15 வாரம் சோதித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கைக்கு வெறும் கர்ல் (முழங்கையை மடக்கி எடை தூக்குவது), இன்னொரு நாள் மறு கைக்குக் கர்ல் முடிந்தவுடனே கடுமையான கால் பயிற்சி, ஹார்மோன் எகிறட்டும் என்று. கடைசியில் இரண்டு கையும் ஒரே மாதிரிதான் வளர்ந்திருந்தன! ஆக, பொடி அதை ஏற்றினாலும் உங்களுக்குப் பெரிய லாபமில்லை.

கீட்டோன் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும், பசியையும் மந்தமாக்கும். எடை ஏற்ற நினைப்பவருக்குப் பசி போவது நஷ்டம். என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

அப்புறம், இரண்டு முறையும் ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? டெஸ்டோஸ்டிரோன் காலையில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும்.