இதய வால்வில் கிருமி: ஆறு வாரம் ஊசி எதற்கு?

குடியாத்தம்: டாக்டர், எங்க நைனாவுக்கு மூணு வாரமா காய்ச்சல். டைபாய்டுன்னு கிளினிக்கில் ரெண்டு நாள் ஊசி போட்டாங்க. இப்போ எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துட்டு வால்வில் கிருமின்னு சொல்றாங்க. ஆனா கல்ச்சரில், அதான் ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்டில், ஒண்ணுமே வளரலை?

அந்த ஊசிதான் காரணமாக இருக்கும். இரண்டு நாள் மருந்து நோயைத் தீர்க்காது. கிருமியை மறைக்க மட்டும் போதும். முதல் ஊசிக்கு முன்பே, வெவ்வேறு இடத்தில் குத்தி, அரை மணி இடைவெளியில் மூன்று முறை ரத்தம் எடுக்க வேண்டும், பாட்டிலுக்கு 10 மில்லி. இரண்டு மில்லி எடுத்து அனுப்பினால் கிருமி பிடிபடுவது அரிது. நைனா ஆடு மாடு வளர்க்கிறவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கால்நடையிலிருந்து தொற்றும் புரூசெல்லா, காக்சியெல்லா போன்ற கிருமிகளுக்குத் தனி ஆன்டிபாடி டெஸ்ட் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது) உண்டு.

ஆம்பூர்: நாலு நாளில் காய்ச்சல் விட்டுடுச்சு. மிச்ச ஊசி வேணுமா?

கண்டிப்பாக. வால்வில் ஒட்டிய படிவுக்குள் ரத்தக்குழாய் கிடையாது, வெள்ளையணுக்களும் உள்ளே புக முடியாது. கிருமி பாதித் தூக்கத்தில் இருப்பதால் மருந்துக்கு மெதுவாகத்தான் சாகும். பென்சிலினுக்கு அடங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, சொந்த வால்வு என்றால் 4 வாரம்: பென்சிலின் தினம் 1.2 முதல் 1.8 கோடி யூனிட், ஆறாகப் பிரித்து. அல்லது செஃப்ட்ரியாக்ஸோன் 2 கிராம், தினம் ஒரு வேளை. செயற்கை வால்வுக்கு 6 வாரம். நாளை எண்ணுவது முதல் ஊசியிலிருந்து அல்ல, கல்ச்சர் சுத்தமாக வந்த நாளிலிருந்து. இதில்தான் பலர் கணக்குத் தப்புகிறார்கள்.

வாலாஜா: என் தம்பிக்கு வால்வில் ஸ்டாஃப் ஆரியஸ்ங்கிற கிருமி. ஜென்டாமைசின் ஊசியும் சேர்க்கணுமா?

சொந்த வால்வு என்றால் வேண்டாம். பலன் இல்லை, கிட்னிதான் கெடும். மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்கும் வகையானால் குளோக்சாசிலின் 2 கிராம், 4 மணிக்கு ஒருமுறை. அடங்காவிட்டால் வான்கோமைசின், ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே. செயற்கை வால்வில் கதை வேறு: ரிஃபாம்பிசினும் 2 வாரம் ஜென்டாமைசினும் சேரும். மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ ஊசிக் கணக்கைப் பார்க்காதீர்கள். உடனே இதய அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள்.

காட்பாடி: மாத்திரைக்கு மாற முடியாதா?

சிலருக்கு முடியும். 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வில், குறைந்தது 10 நாள் ஊசிக்குப் பிறகு, நிலை சீரானவர்களுக்கு மட்டும் இரண்டு மருந்து சேர்த்து மாத்திரையாகக் கொடுத்தார்கள். பலன் ஊசிக்குக் குறையவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை அந்தக் கணக்கில் சேராது.

ஆற்காடு: அம்மாவுக்குச் செயற்கை வால்வு. பல் பிடுங்கணும். வால்வில் கிருமி வராம இருக்க என்ன செய்யணும்?

பென்சிலின் அலர்ஜி இல்லையென்றால், பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே வேளை. பிறகு ஐந்து நாள் மாத்திரை தேவையில்லை. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர் என்றால் பல் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.